யூனிட் எங்கே கரைகிறது?

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர்: அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ப்ரீபெய்ட் மீட்டரில் டோக்கன் போட்ட கையோடு யூனிட் கரைந்துவிடுகிறது. எல்லா அறையிலும் எல்.இ.டி பல்பு போட்டாயிற்று. போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கி வைக்கிறேன். அப்படியும் மாதக் கடைசியில் திண்டாட்டம்தான். கீசரை அணைத்து வைத்தால் மிச்சம் என்கிறார் அத்தை. மறுபடி சூடாக்க இரண்டு மடங்கு இழுக்கும் என்கிறார் இவர். யார் சொல்வது சரி? இன்னொன்று: புரட்டாசி வருகிறது. டின்னை விட உலர்ந்த பீன்ஸ் மலிவு. ஆனால் அடுப்பில் இரண்டு மணி நேரம் வேகிறதே, அதில் என்ன மிச்சம்?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அத்தை சொல்வதுதான் சரி. ஆனால் அதில் கிடைக்கும் மிச்சம் கொஞ்சம்தான். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் சார்ஜரை விட்டுவிடுங்கள். போன் மாட்டாத சார்ஜர் மாதம் முழுக்கச் சுவரில் இருந்தாலும் கால் யூனிட் ஆகாது. 9 வாட் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. கீசரைப் பாருங்கள்: 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஒரே ஒரு முறை ஏற்ற 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் அதற்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஐந்து பல்பு ஒரு மாதம் எரிகிற மின்சாரம் அது.

கீசர் இரண்டு வழியில் செலவு வைக்கிறது. ஒன்று, நாம் திறந்து எடுக்கும் வெந்நீர். இன்னொன்று, யாரும் தொடாமலே தொட்டியிலிருந்து வெளியேறும் சூடு. பழைய 150 லிட்டர் கீசரில் இந்த இரண்டாவது மட்டும் நாளுக்கு இரண்டு, இரண்டரை யூனிட் வரும். அணைத்து வைத்தால் குறைவது இதில் ஒரு பகுதிதான். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது ஏன் சரியில்லை என்றால், தண்ணீர் ஆற ஆற வெளியேறும் சூடும் குறையும். மறுபடி போடும்போது போன சூட்டை மட்டுமே திருப்பிக் கொடுக்கிறோம், அதற்கு மேல் இல்லை.

உங்கள் வீட்டுக் கணக்கை மீட்டரே சொல்லும். இரவு பத்து மணிக்குக் குளியல், கழுவல் எல்லாம் முடிந்ததும் மீதி யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் வெந்நீரைத் திறக்கும் முன் மறுபடி குறியுங்கள். மூன்று இரவு கீசரைப் போட்டு வைத்தும், மூன்று இரவு அணைத்து வைத்தும் பாருங்கள். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும், ஆகவே ஒரே இரவைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஃப்ரிட்ஜ் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஓடுவதால் வித்தியாசம் கீசர் இரவில் இழுத்தது. அது முழுக்க மிச்சம் இல்லை, அணைத்த கீசரைக் காலையில் மறுபடி சூடாக்கும் செலவு இதில் சேரவில்லை.

தினமும் டி.பி. போர்டில், அதாவது வீட்டு மின்சாரப் பிரேக்கர் பெட்டியில், பிரேக்கரைத் தட்டி அணைக்காதீர்கள். அது ஆபத்துக் காலத்துக்கு வைத்தது. தினசரி சுவிட்சாகப் பயன்படுத்தினால் தேய்ந்துபோகும். கீசருக்கென்றே விற்கும் டைமரை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். 3 கிலோவாட் என்பது 13 ஆம்பியர். சுவர் பிளக்கில் செருகும் சின்ன டைமர் நாள்தோறும் அதைத் தாங்காது, உருகும். தெர்மோஸ்டாட் 70-இல் இருந்தால் 60-க்கு இறக்கச் சொல்லுங்கள். கீசர் இருக்கும் கூரைக்குள் 25 டிகிரி என்றால், அந்த ஒரு திருப்பிலேயே வீணாகும் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 55-க்குக் கீழே போக வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியனெல்லா கிருமி வளரும், வீட்டில் வயதானவர் இருக்கிறார். கூரைக்குள் ஏறும்போதே கீசரிலிருந்து வெளிவரும் வெந்நீர்க் குழாயின் முதல் இரண்டு மீட்டருக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டுவிடலாம். கீசருக்குப் போர்வை சுற்றினால் வால்வுகளையும் மின்சார மூடியையும் மூடாமல் விட வேண்டும்.

இனி பெரிய ஓட்டை, குளியலறை. ஒரு பக்கெட்டை ஷவருக்கு அடியில் வைத்து, நீங்கள் வழக்கமாகத் திறக்கிற அளவுக்குத் திறந்து, 10 லிட்டர் நிறைய எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். ஐந்து நிமிடக் குளியலுக்கு 75 லிட்டர், அதைக் குளிக்கிற சூட்டுக்கு, 40 டிகிரிக்கு, ஏற்ற ஒன்றேமுக்கால் யூனிட். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவர் தலை மாட்டினால் அதே ஐந்து நிமிடம் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நான்கு பேர் ஷவரில் குளித்தால் நாளுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் மிச்சம், மாதத்துக்கு தொண்ணூறுக்கு மேல். கொடுத்த ராண்டை டோக்கன் சீட்டில் உள்ள யூனிட்டால் வகுத்து, வரும் விலையைத் தொண்ணூறால் பெருக்கிப் பாருங்கள். அத்தை பக்கெட்டில் குளிப்பவர் என்றால் 20 லிட்டருக்கு அரை யூனிட்கூட ஆகாது. பாத் தொட்டியில் 120 லிட்டர் நிரப்பினால் 2.8 யூனிட்.

ஒரே கைப்பிடியால் வெந்நீரும் தண்ணீரும் வரும் குழாய் சமையலறையில் இருக்கிறதா? கைப்பிடி நடுவில் நின்றால், கைகழுவும் ஒவ்வொரு முறையும் கீசரிலிருந்து வெந்நீர் குழாய்க்குள் இறங்கும். உங்கள் கைக்கு வந்து சேருமுன் மூடிவிடுவீர்கள், அது குழாயிலேயே ஆறிப்போகும். கைப்பிடியைத் தண்ணீர்ப் பக்கம் முழுக்கத் தள்ளி வைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். சொட்டும் வெந்நீர்க் குழாய்க்கு அடியில் ஒரு மணி நேரம் அளவுக் கிண்ணம் வையுங்கள். 400 மில்லி சேர்ந்தால் நாளுக்கு கிட்டத்தட்ட அரை யூனிட் சாக்கடைக்குப் போகிறது. அதற்கு ஒரு வாஷர் போதும். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கீசர்க் குழாய் சூடேறும் நேரத்தில் சொட்டினால் பயம் இல்லை, தண்ணீர் விரிவதால் வருவது. நாள் முழுக்க ஒழுகினால் வால்வு பழுது, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

பீன்ஸுக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம் அடுப்பு எரியத் தேவையே இல்லை. அரை கிலோ சுகர் பீன்ஸை (புள்ளி போட்ட உலர்ந்த பீன்ஸ்) இரவு ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், மூடாமல், தளதளவென்று முழுசாகப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் கை வைக்காதீர்கள். பீன்ஸில், சிவப்பு பீன்ஸில் குறிப்பாக, வயிற்றைப் புரட்டும் நச்சு ஒன்று உண்டு. நல்ல கொதியில்தான் அது அழியும், இளஞ்சூட்டில் அழியாது. பிறகு மூடி இன்னும் இருபது நிமிடம். பாத்திரத்தில் முக்கால் அளவு நிறைந்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

கொதியோடு இறக்கி, மூடியைத் திறக்காமல், கம்பளி சுற்றி, அடியிலும் பக்கத்திலும் மேலேயும் கசக்கிய செய்தித்தாளைத் திணித்த அட்டைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். 2008-இல் இந்த நாட்டில் தொடங்கிய வொண்டர்பேக் என்ற சூடு காக்கும் பை செய்வதும் இதைத்தான், பெட்டியே போதும். நாலு மணி நேரத்தில் விரலால் நசுக்கினால் மாவாக நசுங்கும். எடுக்கும்போது பாத்திரம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உறை போதவில்லை, அடுத்த முறை கூட்டுங்கள். தக்காளியும் புளியும் வெந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே பட்டால் தோல் இறுகி, எத்தனை மணி நேரம் வைத்தாலும் நறுக்கென்றே இருக்கும். தாளித்துக் கொட்டி மறுபடி ஒரு கொதி விடுங்கள்.

அரை கிலோ உலர்ந்த பீன்ஸ் வெந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். 410 கிராம் டின்னை வடித்தால் கிடைப்பது கால் கிலோ அளவு. போதாததற்கு டின்னுக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி (VAT) உண்டு, உலர்ந்த பீன்ஸுக்கும் பருப்புக்கும் இல்லை. ஆனால் மலிவு என்று ஒரு மூட்டை வாங்கி வருடக்கணக்கில் வைக்காதீர்கள். பழைய பீன்ஸ் பெட்டியிலும் வேகாது, அடுப்பிலும் வேகாது. இந்தப் புரட்டாசிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்குங்கள்.