நீர்வண்ணத்தில் ஆறு சேறாகத் தெரிகிறதா?

அந்தத் தாளில் இனித் தூரிகையை வைக்காதீர்கள். திருநெல்வேலி குறுக்குத்துறையை வரைந்த படத்தை நான்கு முறை திருத்தியும் தாமிரபரணி சேறாகவே தெரிகிறது என்றால், ஐந்தாவது முறை அதைத் தெளிவாக்காது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான். மூடிவிட்டால் முழுதாக மீட்பது அரிது.

முதல் பூச்சு காயுமுன் அடுத்ததை ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புறங்கையைத் தாளில் மெல்ல வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஐப்பசி மழையில் காய இன்னும் நேரமாகும்.

பருத்தித் தாள் என்றால் ஈரத் தூரிகையால் கொஞ்சம் நிறத்தை ஒற்றி எடுக்கலாம். சாதாரணத் தாள் உரிந்துவிடும்.

குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயிலில், வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். கல் மண்டபத்தை ஆற்றிடம் விட்டுவிடுவார்கள். நீங்களும் பிடித்த மூலையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, புதுத் தாளில் தொடங்குங்கள்.