சுடுகிற தண்ணி

கேள்வி: "தண் என்றால் குளிர்ச்சி என்று டீச்சர் சொன்னா. அப்ப ஏன் சுடுகிறதைத் தேத்தண்ணி என்கிறோம்?" என்று என் ஏழு வயது மகன் கேட்கிறான். 'தேநீர்' என்பதுதான் சரியா?
– வாசகி, உப்புவெளி

பதில்: நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள், தங்கச்சி. டீச்சர் சொன்னது உண்மை. தண் + நீர் தண்ணீர். வெம் + நீர் வெந்நீர். அப்புறம் பேச்சில் 'நீர்' ஒதுங்கிப்போய்க் கண்ணீர், இளநீர், பன்னீர் என்று கூட்டுச் சொற்களுக்குள் தங்கிவிட்டது. கிணற்றில் இருப்பது, குடத்தில் இருப்பது எல்லாமே தண்ணி ஆயிற்று. குளிர்ச்சி கரைந்துபோனதால்தான் 'சுடுதண்ணி' என்று கூசாமல் சொல்கிறோம். சுட வைக்காததைப் 'பச்சைத்தண்ணி' என்று பிரித்துச் சொல்லவும் வேண்டியிருக்கிறது. கள்ளும் சாராயமும்கூடத் 'தண்ணி'க்குள் வந்துவிட்டன.

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குத் திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தோம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்று கதை சொல்லும் அதே ஏழு கிணறுகள். எல்லாம் சதுரம், குனிந்தால் அடி தெரியும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அண்ணன் வாளியால் அள்ளி என் தலையில் ஊற்றினார். "அண்ணை, இந்தத் தண்ணி சுடுது, மற்றக் கிணத்தில அள்ளுங்கோ" என்றேன். வெந்நீரூற்று என்று எத்தனையோ தடவை எழுதிய கை இது. ஆனால் வாயில் வந்தது தண்ணிதான்.

சரி, 'தே'க்கு வருவோம். சீனாவின் ஃபுஜியான் கரையில் அந்த இலைக்குத் 'தே' என்று பெயர். அந்த வணிகரிடம் வாங்கிய ஒல்லாந்தரின் கப்பல்களில் சரக்கோடு பெயரும் மேற்கே போயிற்று. பிளேன்ரீயில் இருக்கும் 'ரீ' அதன் ஆங்கில வடிவம். சிங்களத்திலும் 'தே' தான். 'சாயா' வேறு கிளை. அது சீனத்தின் 'சா'விலிருந்து வந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, நம் 'தண்ணி' குளிர்ச்சியை விட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. அதனால் 'தே'யோடு சேர அதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

பரீட்சைத் தாளில் தேநீர் என்று எழுதட்டும். வீட்டில் தேத்தண்ணி என்பதைத் திருத்தாதீர்கள், அதில் பிழையே இல்லை. ஒருநாள் கன்னியாவுக்குக் கூட்டிப்போய் ஏழு கிணற்றுத் தண்ணியையும் தொட்டுப் பார்க்க விடுங்கள். பிள்ளை என்ன சொல் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.