பிரிட்டனில் சொந்த லிமிடெட் கம்பெனி மூலம் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். இன்டர்வியூ முடிந்த பிறகு, வேலை பிடித்துத் தரும் ஏஜென்சி ஆப்ட் அவுட் கடிதம் (ஏஜென்சி விதிகளின் பாதுகாப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது) அனுப்பியிருக்கிறது. ஐஆர்35க்கு (கம்பெனி மூலம் வேலை செய்பவர் உண்மையில் ஊழியர் போலவே வேலை செய்கிறாரா என்று பார்க்கும் வரிச் சட்டம்) அது நல்லது என்கிறார் ஏஜென்சிக்காரர். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். நான் போட்டுவிட்டுப் பட்டவன்.

பிரிட்டனில் ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்தும் 2003ஆம் வருட விதிகள் லிமிடெட் கம்பெனி மூலம் வேலை செய்பவர்களுக்கும் உண்டு. நீங்களாக எழுதிக் கொடுத்து விலகினால்தான் அந்தப் பாதுகாப்பு போகும். கம்பெனி, அதில் வேலை செய்யும் நீங்கள் என இரண்டு தரப்பும் எழுதித் தர வேண்டும், அதுவும் கிளையன்ட்டிடம் உங்களை அறிமுகப்படுத்துவதற்கோ வேலைக்கு அனுப்புவதற்கோ முன்பே. உங்களுக்கு இன்டர்வியூ முடிந்த பிறகு கடிதம் வந்திருக்கிறது என்கிறீர்கள், அப்படி அறிமுகத்துக்குப் பிறகு கேட்டு வாங்குவது விதிப்படி செல்லாது, அதனால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

என் கதை இதுதான். முதல் கான்ட்ராக்ட்டில், "எல்லாரும் போடுவதுதான்" என்று ஏஜென்சிப் பெண் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். நடுவில், டைம்ஷீட்டை (வேலை செய்த நேரக் கணக்கை) அப்ரூவ் செய்ய வேண்டிய கிளையன்ட் மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை, என்னுடைய ஐந்து வார டைம்ஷீட் அப்படியே தொங்கியது. அப்ரூவ் ஆகாத டைம்ஷீட்டுக்குப் பணம் கிடையாது என்று கான்ட்ராக்ட்டிலேயே இருந்தது, ஏஜென்சி அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது. மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வந்தது, அதுவரை வாடகைக்கு அண்ணனிடம் கடன். விலகாமல் இருந்திருந்தால் 12ஆம் விதி எனக்குத் துணை நின்றிருக்கும். கிளையன்ட் பணம் தரவில்லை, டைம்ஷீட்டில் கையெழுத்து இல்லை என்ற காரணங்களுக்காக, செய்த வேலைக்கான பணத்தை ஏஜென்சி நிறுத்தி வைக்கக் கூடாது. வேலை செய்தீர்களா என்று சரிபார்க்க நியாயமான அவகாசம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, கிளையன்ட் உங்களை நேரடியாக எடுக்க ஆசைப்பட்டால். விலகாதவர் விஷயத்தில், வேலை தொடங்கி 14 வாரம் அல்லது அங்கே கடைசியாக வேலை செய்த நாளுக்குப் பின் 8 வாரம், இதில் எது பிந்தி வருகிறதோ அதற்கு அப்புறம் ஏஜென்சி கிளையன்ட்டிடம் டிரான்ஸ்ஃபர் கட்டணம் (உங்களை நேரடியாக எடுத்ததற்கான தொகை) கேட்க முடியாது. விலகிவிட்டால் இந்த வரம்பு இல்லை, கான்ட்ராக்ட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

ஐஆர்35க்கு நல்லது என்று ஏஜென்சிக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வரிச் சட்டம், அங்கே பார்ப்பது நீங்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதை. இந்த ஒரு கடிதம் அதைத் தீர்மானிக்காது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்ற வரம்பிலிருந்து விலகும் கடிதமும் வேறு, சில ஏஜென்சிகள் இரண்டையும் ஒரே கட்டாக அனுப்புவார்கள், பிரித்துப் படியுங்கள். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் மாதிரி இடங்களில் சிறுவர்களோடோ கவனிப்பு தேவைப்படுபவர்களோடோ வேலை என்றால் விலகவே முடியாது.

ஏற்கனவே போட்டுவிட்டவர்கள் எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கலாம், ஆனால் இப்போது இருக்கும் இடத்தில் வேலை முடியும் வரை அது செல்லாது.

"போடாவிட்டால் வேலை இல்லை" என்று சொல்வதற்கு அவர்களுக்கு உரிமையே இல்லை, விலகுவதை ஒரு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. சண்டை வேண்டாம், "நான் ஆப்ட் அவுட் செய்யவில்லை, இது கட்டாயம் என்றால் மெயிலில் எழுதித் தாருங்கள்" என்று மட்டும் பதில் போடுங்கள். அதற்கப்புறம் இரண்டு ஏஜென்சிகளிடம் நான் அப்படித்தான் கேட்டேன், இரண்டுமே அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டு கான்ட்ராக்ட்டை மட்டும் அனுப்பின.