20 லட்சம் தேறும், வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது. ஊர் கோட்டையூர். காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். கைக்கு 62,000 வருகிறது. ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம், தொந்தரவு இல்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலமே மனசு கனத்துவிடுகிறது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் நண்பன் 5 லட்சம் போட்டுக் கூட்டாளியாக வரச் சொல்கிறான். பி.எஃப்., கிராஜுவிட்டி, 4 லட்சம் டெபாசிட் எல்லாம் சேர்த்து 20 லட்சம் தேறும். அதை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு எஸ்.டபிள்யூ.பி. (போட்ட பணத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகையைத் திரும்ப எடுக்கும் முறை) மூலம் மாதம் 25,000 எடுக்கலாம் என்கிறார் தெரிந்த ஏஜென்ட். பர்சனல் லோன் 14 சதவீதத்தில் 8 லட்சம், இன்னும் 5 வருடம் இருக்கிறது. நகைக்கடன் 3 லட்சம். எல்லாம் பங்காளிகளுக்குப் பொதுவான பங்கு வீட்டுக்கு ஓடு மாற்றவும் தங்கச்சிக்குச் சீர் செய்யவும் வாங்கியது. பங்காளிகள் வெளியூரில் இருப்பதால் வீட்டுச் செலவை முதலில் நான் போட்டுவிடுவேன். அவர்களிடமிருந்து 4 லட்சம் வரவேண்டியிருக்கும், எழுதி வைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வேலையை விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேலை அல்ல, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய "எழுதி வைக்கவில்லை" என்ற இரண்டு சொல்தான். அலுவலகக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் விடாமல் தேடுகிறவர் நீங்கள். சொந்த வீட்டில் 4 லட்சத்துக்குத் துண்டுச் சீட்டு கூட இல்லை. பேரேடும் ஐந்தொகையும் போட்டே பர்மா வரை தொழில் நடத்திய செட்டிநாட்டு ஊர்க்காரர் இப்படி இருக்கலாமா?

முதலில் அந்த 20 லட்சம். கடன் 11 லட்சத்தைக் கழித்தால் உங்களுடையது 9 லட்சம்தான். அதே பணத்தில்தான் நண்பருக்கு 5 லட்சமும் போக வேண்டும், ஏஜென்ட் சொல்வதும் அதே பணம்தான். மிச்சம் 4 லட்சத்தில், வீட்டுச் செலவு 27,000 என்று வைத்தாலும் ஒன்றேகால் வருடம் தாண்டாது.

ஏஜென்ட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 20 லட்சத்தில் மாதம் 25,000 எடுப்பது வருடத்துக்கு 15 சதவீதம். ஃபண்ட் ஒரு வருடம்கூடத் தவறாமல் 10 சதவீதம் தந்தாலே சுமார் 11 வருடத்தில் பணம் தீர்ந்துவிடும், அப்போது உங்களுக்கு 50 வயது. ஆரம்பத்திலேயே 2008 போல ஒரு வருடம் வந்தால்? அந்த ஆண்டு சென்செக்ஸ் பாதிக்கு மேல் விழுந்தது. இப்போது யாரைப் பார்த்தாலும் சம்பளத்துக்குப் பதில் எஸ்.டபிள்யூ.பி. என்கிறார்கள். கடன் இல்லாத, ஓய்வு பெற்றவர் அளவாக எடுத்தால் அது நல்ல வழிதான். உங்களுக்கு வரும் 25,000-ல் பர்சனல் லோன் தவணை 18,600, நகைக்கடன் வட்டி சுமார் 3,000 என்று 21,600 கடனுக்கே போய்விடும்.

இப்போது சம்பளத்தில் வீட்டுச் செலவும் கடனும் போக 13,400 மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் அதுவும் மொய், முறை, ஓடு மாற்றும் கூலி என்று போகிறது. பற்றாக்குறை வந்தால் இருக்கும் கடனுக்கு மேலேயே வங்கி டாப்-அப் கடன் தருகிறது. உங்கள் சம்பளச் சீட்டு குடும்பம் முழுவதற்கும் ஜாமீனாக நிற்கிறது. ஞாயிறு மாலையின் கனத்தில் பாதி இதனால்தான் என்பது என் எண்ணம்.

நகரத்தார் சமூகத்தின் நகரக் கோயில்களில் புள்ளி வரி உண்டே. கல்யாணமானால் ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று முடிந்தது. சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அவரவர் பங்கு அவரவர் கட்டுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. பங்கு வீட்டுக்கும் அதே முறையைக் கொண்டுவாருங்கள். ரசீது, கொத்தனார் கூலி, ஓடு வாங்கிய தேதி என்று ஞாபகத்தில் உள்ளதை எழுதி, பங்குவாரியாகப் பிரித்து எல்லோருக்கும் அனுப்புங்கள். இனிமேல் பணம் வந்த பிறகுதான் வீட்டு வேலைக்குக் கூரையில் ஆள் ஏறும் என்றும் அதிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் ஆத்தாவுக்கு முதலில் வருத்தமாக இருக்கலாம். பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். சீர் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. கையிருப்பில் இருந்து செய்யுங்கள், கடனில் வேண்டாம்.

டெபாசிட்டில் 3 லட்சத்தை எடுத்து இந்த வாரமே நகையை மீட்டுவிடுங்கள். ஏழு சதவீத வட்டிக்குப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு சதவீதம் கட்டுவது வீண். அப்புறம் மிச்சமாகும் 16,400-ஐயும் தவணையோடு சேர்த்து மாதம் 35,000 கட்டினால் பர்சனல் லோன் 27 மாதத்தில் முடியும். பங்காளிகளிடமிருந்து பாதி, அதாவது 2 லட்சம் வந்தால்கூட 20 மாதத்துக்குள் முடிந்துவிடும். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை சனி, ஞாயிறு பட்டறைக்குப் போங்கள். பணம் போடாமல், கை போடுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றும் கை பழக நாள் ஆகும், ஆனால் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காய எத்தனை நாள் இழுக்கிறது, சரக்கு போன பிறகு பில்டர் எத்தனை மாதம் கழித்துப் பணம் தருகிறார், அதுவரை கூலியை நண்பர் எதிலிருந்து கொடுக்கிறார் என்று பாருங்கள். ஒரு மழைக்காலக் கணக்கையாவது நோட்டில் பார்த்த பிறகு 5 லட்சத்தைப் பற்றிப் பேசலாம். நோட்டே இல்லை என்றால் போட வேண்டாம்.

இன்னொன்று, அலுவலக மெடிக்கல் இன்ஷூரன்ஸில் ஆத்தா பெயர் இருக்கிறதா? வேலையை விட்டால் அது நின்றுவிடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். விலகுவதற்கு முன்பே, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றித்தரக் கேளுங்கள்.