கூட்டத்துப் பறவை

அன்புள்ள ஐயா,
வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ் வளர்த்தோம். சென்ற மாதம் ஆண் பறவை இறந்துவிட்டது. அதன் பிறகு பெண் பறவை சத்தமே போடுவதில்லை. தினையையும் சரியாகக் கொறிப்பதில்லை. ஜோடி பிரிந்தால் மற்றதும் இறந்துவிடும் என்கிறார்கள். திறந்து விடுவதே புண்ணியம் என்கிறார் அம்மா. என்ன செய்யலாம்?
வாசகி, திருச்சி

அன்புள்ள தோழிக்கு,

திறந்து விடாதீர்கள். நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் பட்ஜெரிகார் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகள். 1840-இல் ஜான் கூல்டு இங்கிலாந்துக்கு உயிருடன் கொண்டுசென்ற காலம் தொட்டுக் கூண்டுகளிலேயே பெருக்கப்பட்டு வரும் இனம் அது. இரை தேடிப் பழகாத உங்கள் பறவை வெளியே போனால் காகத்திடமோ வல்லூறிடமோ சிக்கிவிடும்.

ஜோடியைப் பற்றிய நம்பிக்கையும் சரியன்று. காட்டில் இவை இணை சேர்ந்தே வாழ்கின்றன என்றாலும், அந்த இணை எப்போதும் ஒரு கூட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில், மழை பெய்து புல் விதை பிடித்த நிலங்களைத் தேடி இந்தக் கூட்டங்கள் ஓயாமல் இடம் மாறுகின்றன. நல்ல மழைக்குப் பின் ஒரே கூட்டத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் சேர்வதுண்டு. நீர்நிலைக்கு வந்தாலும் உடனே இறங்குவதில்லை. வல்லூறுக்கு அஞ்சிப் பச்சை அலையாகச் சுழன்று சுழன்று தாழ்ந்து, கரையில் நெருக்கியடித்து அமர்ந்து, சில மிடறு குடித்ததும் மொத்தமாக எழும்பிவிடுகின்றன. ஓடைக்கரை யூகலிப்டஸ் மரமொன்றின் பொந்துகளில் பல இணைகள் அருகருகே முட்டையிடுகின்றன. பெட்டை சுமார் 18 நாள் அடைகாக்க, சேவல் விதைகளைத் தொண்டைப்பையிலிருந்து கக்கி அதற்கு ஊட்டுகிறது. துணையை இழந்த பறவை அந்தக் கூட்டத்திலேயே வேறு துணையைத் தேடிக்கொள்ளும்.

உங்கள் பறவையின் மௌனத்துக்கும் இதில் விளக்கம் இருப்பதாக நினைக்கிறேன். ஒன்றையொன்று அழைக்கும் குரலைப் பட்ஜெரிகார்கள் வளர்ந்த பின்னும் புதிதாகக் கற்கின்றன; இணை சேர்ந்த சேவல் சில வாரங்களில் பெட்டையின் அழைப்பை அப்படியே பழகிக்கொள்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சேர்ந்து வாழும் பறவைகளின் குரல்களும் மெல்ல ஒன்றுபோலாகிவிடும். தன் குரலிலேயே பதில் சொன்ன ஒன்று போய்விட்ட வெறுமை அற்பமானதல்ல.

ஆயினும் தீனி குறைந்தால் நோயாகவும் இருக்கலாம். சேவலைக் கொன்ற நோயே இதற்கும் தொற்றியிருக்கக்கூடும். ஆகவே முதலில், இன்றே, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குணமான பின் ஒரு சேவலை வாங்கி, சில வாரம் தனிக் கூண்டில் பக்கத்திலேயே வைத்துப் பழக்கிவிட்டுச் சேர்த்துவிடுங்கள். பெரிய கூண்டுக்கு இடமிருந்தால் நான்கைந்தாக வளர்ப்பது இன்னும் நல்லது.