பரம்பரை வீக்க நோயும் இதய அறுவை சிகிச்சையும்

கேள்வி: என் அண்ணனுக்குச் சிறுவயது முதலே உதடும் தொண்டையும் திடீரென வீங்கும் பரம்பரை நோய் உண்டு. இப்போது இதய வால்வை மாற்ற வேண்டும் என்கிறார்கள். துணிந்து ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம், ஆனால் மயக்கவியல் மருத்துவரிடம் இந்நோயை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சி1 எஸ்டரேஸ் தடுப்பான் என்னும் புரதம் குறைவதாலோ சரிவர இயங்காததாலோ பிராடிகைனின் என்னும் வேதிப்பொருள் உடலில் பெருகி, இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவதே இவ்வீக்கம். இது ஒவ்வாமை அன்று என்பதால், ஸ்டீராய்டு, அட்ரினலின் போன்ற வழக்கமான மருந்துகளை நம்பியிருக்க முடியாது. அறுவையின்போது இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் இரத்தம் பாயும்போது அந்த அயற்பரப்பைத் தொடுவதாலேயே பிராடிகைனினை உண்டாக்கும் தொடர்வினை தூண்டப்படலாம் என்பதும், சுவாசக் குழாய் செருகும்போது ஏற்படும் உரசலே தொண்டையை வீங்கச் செய்யக்கூடும் என்பதும்தான் கவலைக்குரியவை. ஆகவே அறுவைக்குச் சற்று முன்பு, குறைபட்ட அப்புரதத்தையே ஊசிவழி (பெரியவர்களுக்கு வழக்கமாக 1,000 யூனிட், அல்லது எடையில் கிலோவுக்கு 20 யூனிட்) செலுத்தி, மற்றுமொரு டோஸையும் கையிருப்பில் வைத்திருப்பார்கள். அது கிடைக்காத இடங்களில் உறைநிலைப் பிளாஸ்மா (உறையவைத்துச் சேமித்த இரத்தத்தின் திரவப் பகுதி) மாற்றாகும். சுவாசக் குழாயை எடுக்கும் நேரத்திலும் அதே விழிப்பு தேவை.

பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: இதய நோயாளிகளுக்குச் சாதாரணமாக எழுதித் தரப்படும் எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரைகள் பிராடிகைனின் சிதைவதைத் தடுப்பவை, வீடு திரும்பிய பிறகும் அவை உங்கள் அண்ணனுக்குக் கூடாது.