சாய்கிற மூங்கில் கொட்டில்: குழியைத் தோண்டவேண்டாம், மேலே பாருங்கள்

டீச்சர், தரம் 9 பிள்ளைகள் பள்ளிக்கூட வளவில் கட்டிய மூங்கில் கொட்டில் ஒக்டோபர் மழையோடு ஒரு பக்கம் சாய்கிறது, கம்பத்தை இன்னும் ஆழமாய் நட்டால் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது இருக்கிற 2 அடி போதும். படத்தைப் பார்த்தால் குறை மேலே: நாலு கம்பம், நாலு சட்டம், குறுக்குக் கம்பு ஒன்றுகூட இல்லை. சதுரத்தைத் தள்ளினால் சாயும், முக்கோணம் அசையாது. வாசல் தவிர்ந்த மூன்று பக்கத்துக்கும் மூலைக்கு மூலை ஒரு மூங்கிலைக் கட்டுங்கள். கட்டுமுன் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளக்கவேண்டும். இரண்டும் சமனாக வரும்வரை ரெண்டு பேர் கம்பத்தைத் தள்ளிப் பிடிக்கட்டும். கணிதப் பாடத்தில் தூங்குகிறவன்தான் இதில் முன்னுக்கு நிற்பான், பாருங்களேன்.

ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும். வெள்ளவத்தையில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் நைலோன் கயிறு வாங்கலாம், அதை இறுக்கிச் சுற்றுங்கள்.

‘மூன்று பேர் வேலை, மிச்சம் வேடிக்கை’ என்றீர்களே. 18 பேரையும் பக்கத்துக்கு 6 பேராய்ப் பிரித்துவிடுங்கள்; பிடிக்க, அளக்க, முடிச்சுப் போட எப்படியும் அத்தனை கை வேண்டும். மூங்கில் அறுக்கிற வாள் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.